ஜெசிந்தா அக்கா பாடாத இரண்டாவது சரணம்

படப்பிடிப்புக்காகக் கொளுத்திய ஊதா நிறப் புகை எங்கள் சம்பங்கித் தோட்டத்தின் மேல் பரவியபோது, பூவின் வாசம் போய்க் கந்தக நெடியில் தொண்டை கமறியது. ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நான், இருமலுக்கிடையில், இந்தப் பாட்டுக்குள் புகை எங்கே வருகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கும் வரவில்லை. அந்தப் பாட்டை எழுதி, மெட்டுப்போட்டு, பாடியவள் என் அக்கா ஜெசிந்தா, எனக்குத் தெரியாதா?

அக்கா திண்டுக்கல்லில் கல்லூரிக்குப் போய்க்கொண்டே ஞாயிறுதோறும் கோயில் பாடற்குழுவில் பாடுவாள். அங்கே அவள் குரலைக் கேட்ட கல்யாண வீடியோக்காரர் பிரபு அண்ணன், ஒரு "ஆல்பம் சாங்" செய்யலாம் என்று வீடு தேடி வந்தார். பல்லவியும் முதல் சரணமும் பதிவாகிவிட்டன. இரண்டாவது சரணத்தைப் படப்பிடிப்பு முடிந்த மறுநாள் பதிவுசெய்வதாக ஏற்பாடு.

படப்பிடிப்பு அன்று அக்கா பச்சைச் சுடிதாரை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு நின்றாள். காரிலிருந்து, நடிப்பதற்கென்று கூட்டிவந்த கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி, எலுமிச்சம்பழ நிற மேனியோடு இறங்கினாள்.

"ஆல்பத்துக்குன்னு ஒரு லுக்கு வேணும்மா. தப்பா நெனைக்காத" என்றார் பிரபு அண்ணன்.

"ஒருத்தி சமைக்க, இன்னொருத்தி ஏப்பம் விட்ட கதையால்ல இருக்கு" என்று அம்மா எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்.

அக்காவின் பாட்டு, விடியுமுன் ஈரத்தில் கால் விறைக்க, தூக்கக் கண்ணோடு பூப்பறிக்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. அந்த வீடியோவிலோ யாரும் ஒரு பூவைக்கூடப் பறிக்கவில்லை. நாங்கள் பறித்து வைத்திருந்த கூடையை வாரி வானத்தில் எறிந்தார்கள். கதாநாயகி குதிகால் செருப்போடு வரப்பில் நடந்தாள், பெரிய மின்விசிறி வைத்துக் கூந்தலைப் பறக்கவிட்டார்கள், அவள் நாலு அடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். யார் கூப்பிட்டார்கள் என்று திரும்புகிறாள்? விடிகாலைப் பாட்டில், அவளுக்கு ஜோடியாக வந்த கதாநாயகனுக்கு எதற்குக் கறுப்புக் கண்ணாடி? எதைக் கேட்டாலும் "அதான்மா ஸ்டைலு" என்ற ஒரே பதில்தான்.

அந்தப் பெண்ணுக்கு வரிகள் வாயில் நிற்கவில்லை. கடைசியில் அக்காவே கேமராவுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாகப் பாடிக்காட்ட, அதைப் பார்த்து அவள் வாயசைத்தாள். சாப்பாட்டு நேரத்தில் அவள், "ஏனுங்கக்கா, நீங்களே நடிச்சிருக்கலாமுங்களே" என்று கேட்டபோது அக்கா அவள் இலையில் இன்னும் கொஞ்சம் கத்தரிக்காய் வெஞ்சனம் வைத்தாள்.

சாயங்காலம் சாமான்களைக் கட்டும்போது பிரபு அண்ணன், "நாளைக்கு ரெண்டாவது சரணத்த முடிச்சிருவோமாம்மா?" என்றார்.

"நான் வரலண்ணே."

"என்னம்மா, பாட்டு பாதில நிக்குமே!"

"நிக்கட்டும். மிச்சத்த அந்த லுக்கே பாடட்டும்."

அக்கா வீட்டுக்குள் போய் முகம் கழுவிக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. அப்பா இரண்டு நாள் சமாதானம் பேசிப் பார்த்தார், அவள் அசையவில்லை.

வீடியோ வெளிவந்தது. சரணம் இல்லாத பாதியை, அந்தப் பெண்ணை மெதுவோட்டத்தில் நடக்கவிட்டே நிரப்பியிருந்தார்கள். "இந்தப் பிள்ள எம்புட்டு நேரம்டி நடக்கும்?" என்று அம்மா சலித்துக்கொண்டாள். பார்த்தவர்களோ "அப்படியே சினிமா மாதிரி இருக்கு" என்றார்கள்.

இப்போது நான் கல்லூரியில் காட்சித் தொடர்பியல் படிக்கிறேன். ஒரு பாட்டு வீடியோவின் பாணியை ஆராய்ந்து எழுதச் சொன்னார்கள். இதை எழுதலாம் என்று தேடினால், வீடியோவும் இல்லை, அதைப் போட்டிருந்த சேனலும் இல்லை. எனக்குப் பார்க்கத் தேவையும் இருக்கவில்லை. எந்த இடத்தில் புகை, எந்த இடத்தில் திரும்பல், எல்லாம் மனப்பாடம். ஒட்டன்சத்திரத்தில் டீச்சராக இருக்கும் அக்காவுக்குப் போன் செய்து, அந்த இரண்டாவது சரணத்தை மட்டும் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.



"மறந்துபோச்சுடி. அன்னைக்கெல்லாம் தூங்குறப்ப ஒனக்குத்தான பாடிக்காட்டுவேன், ஒனக்கு ஞாபகம் இல்லையா?"

ஒரு வரிகூட இல்லை.