உட்கார்ந்திருக்கிற வாடகை

குழந்தைக்குப் பருப்புச்சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது அந்தக் குரல்பதிவு வந்தது. மைதீன் அண்ணனின் மைத்துனர் பேசியிருந்தார். "மச்சான் மவுத்தாயிட்டாக. இஷா தொழுகைக்குப் பிறகு அடக்கம்." மூன்று முறை போட்டுக் கேட்டேன். நாலாவது தடவை வேறு ஏதாவது சொல்லுமோ என்று இருந்தது.

மைதீன் அண்ணனின் கடை மாடியில் ஞாயிறு மத்தியானம் உட்கார்ந்தவர்களுக்கு அவரைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அருப்புக்கோட்டையில் செல்போன் பழுது பார்த்தவர். வளைகுடாவில் வேலை பார்த்த காலத்தில், அறையில் கூடத் தங்கியிருந்தவர்களிடம் போக்கர் சீட்டாட்டம் பழகிக்கொண்டு வந்தார். "காசு வச்சா ஹராம், கொட்டை வச்சா ஆட்டம்" என்பார். ஆளுக்கு நூறு புளியங்கொட்டை. தீர்ந்தவர் எழுந்துவிட வேண்டும். கடைசிவரை உட்கார்ந்திருப்பவருக்கு அடுத்த மாதம் முழுக்க மெத்தை வைத்த நாற்காலி. அவர், அவர் மனைவி பாத்திமா அக்கா, மைத்துனர், என் கணவர், நான். என் மகள் அக்கா மடியில் தூங்குவாள்.

அந்த ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே, முறை வைத்து ஒருவர் கொட்டை போட்டாக வேண்டும். அரை மணிக்கு ஒருதரம் அது இரட்டிப்பாகும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் வாடகை. அது ஏறும்போதெல்லாம், "கையில இன்னும் எவ்வளவு இருக்கு?" என்று எல்லோரிடமும் கேட்பார் அண்ணன்.

கணக்குப் படித்தவள் நான். எந்தச் சீட்டு வர எவ்வளவு வாய்ப்பு என்று அவருக்கே திருத்திச் சொல்வேன். ஆனால் பதட்டம் வந்தால் மொத்தக் கொட்டையையும் நடுவில் தள்ளிவிடுவேன். "டீச்சர், நீங்க சீட்டை நம்பித் தள்ளல. பதட்டம் தாங்காமத் தள்ளுறீக" என்றார் ஒருநாள். ரோஷம் வந்துவிட்டது. பங்குனிப் போட்டியில் இரண்டு மணி நேரம் வந்த சீட்டையெல்லாம் வீசிவிட்டுக் காத்திருந்தேன். கடைசியில் இரண்டு ஏஸ் வந்தது. அதைவிட நல்ல சீட்டு கிடையாது. கையில் மிச்சம் ஆறு கொட்டை.

தள்ளினேன். அவர் சீட்டைக்கூடப் பார்க்காமல் ஆறு கொட்டையை எடுத்து வைத்தார். நான்தான் ஜெயித்தேன். ஆறு பன்னிரண்டானது; அடுத்த வாடகையே பதினாறு.

"பொறுமையாத்தானண்ணே இருந்தேன்?"

"எங்க இருந்தீக? கண்ணை மூடிக்கிட்டுல்ல இருந்தீக. சும்மா உக்காந்திருந்தாலும் வாடகை போய்க்கிட்டேதான் இருக்கும் டீச்சர். அடுத்தவன் பயப்படுற அளவுக்குக் கையில கொட்டை இருக்கும்போதே தள்ளணும்."

நாற்காலியை அவரே எடுத்துக்கொண்டார். ஒரு மாதம் அதில் சாய்ந்து சாய்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

சித்திரையில் என் மகளுக்கு விடியற்காலையிலிருந்தே வாந்தியும் வயிற்றுப்போக்கும். என் கணவர் விருதுநகரில் வேலையில் இருந்தார். அந்த மாதம் ஒன்றுமில்லாததற்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு ஓடிப் பேச்சு வாங்கியிருந்தேன். "தும்முனா டாக்டரு, இருமுனா டாக்டரு. வெயில் தாழட்டும், ரெண்டரை பஸ்ஸுக்குப் போவோம்" என்றார் அத்தை. சரி, இந்தத் தடவையாவது பொறுமையாக இருப்போம் என்று உட்கார்ந்தேன். ஞாயிறு வர முடியாது என்று சொல்லத்தான் பதினொரு மணிக்கு அண்ணனுக்குப் போன் போட்டேன். பிள்ளைக்கு முடியாததையும் இரண்டரை பஸ்ஸையும் சொன்னேன்.

"அழுகுறாளா?"

"சிணுங்குறா."

"கண்ணீர் வருதா, பாருங்க."

பார்த்தேன். வாய்தான் அழுதது. கண் காய்ந்திருந்தது.

"டீச்சர், உடம்புல தண்ணி வத்துது, கையில கொட்டை தீரப்போகுது. ரெண்டரையாவது மூணாவது. போனை வைங்க, பிள்ளையத் தூக்குங்க."

எங்கள் எம்.ரெட்டியபட்டி விலக்கு ரோட்டில் நின்ற ஷேர் ஆட்டோவில் ஏறினேன். வழியெல்லாம் கரண்டியால் உப்புச் சர்க்கரைத் தண்ணீர். அவள் தலை என் தோளில் துவண்டு துவண்டு விழுந்தது. ஆஸ்பத்திரி வாசலில் அண்ணன் நின்றார். கடையைப் பூட்டாமல் வந்திருந்தார். ட்ரிப் ஏற்றினார்கள். சாயங்காலம் அவள் கண்ணீர் விட்டு அழுதபோது, "இப்ப ஆடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடக்கம் முடிந்த மறுநாள் பாத்திமா அக்கா சொன்னார்: "விடியக்கால பஜ்ர் தொழுததுல இருந்தே நெஞ்சு கனக்குதுன்னாக. கேஸு டிரபிளுதான், ஒரு போனைச் சரிபண்ணிக் குடுத்துட்டுப் போவோம்னாக. அப்பறம் இன்னொரு போனு. ஊருக்கெல்லாம் சொல்லுவாக. அவுகளுக்குச் சொல்ல ஆளில்ல."

எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. எங்கள் எல்லோரிடமும் கேட்டவரிடம் நாங்கள் ஒருவர்கூடத் திருப்பிக் கேட்கவில்லை. அக்கா கொட்டைப் பையை என்னிடம் கொடுத்தார். பை இருக்கட்டும். நான் வைத்துக்கொள்வது அவர் கேட்ட கேள்வியை: கையில் இன்னும் எவ்வளவு இருக்கிறது?

இதை எழுத உட்காருவதற்கு முன் பாலவனத்தத்தில் அப்பா வீட்டுக்குப் போன் போட்டேன். அப்பாவுக்கு இரண்டு மாதமாக மூச்சு வாங்குகிறது. பருத்தி எடுத்து முடியட்டும் என்று தள்ளிப்போட்டு வருகிறார்.

"மாடிப்படியில எத்தனை ஏறினா நிக்கிறீங்கப்பா?"

"முன்னால பத்து. இப்ப நாலு."

"காலையில ஆறு மணிக்கு ஆட்டோவோட வாரேன். சட்டையைப் போட்டுக்கிட்டு வாசல்ல நில்லுங்க."

"பருத்தி வெடிச்சுக் கிடக்கேம்மா."

"கிடக்கட்டும்பா."