பட்டிதொட்டியெங்கும் கேஸ்: மட்டாஞ்சேரியில் ஒரு விவாதம்

கொச்சியில் உள்ள மட்டாஞ்சேரிக்கு அரண்மனை பார்க்கப் போவார்கள், மிளகு வாங்கப் போவார்கள். நான் போனது பெண் பார்க்க. எண்பதுகளின் தொடக்கம், மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊரெல்லாம் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலம். நான் பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமங்களில் சாண எரிவாயுக் கலன் கட்டிக்கொள்ளச் சொல்லி, அரசு மானியம் வாங்கித் தரும் வேலையில் இருந்தேன்.

பொள்ளாச்சியில் காலை ஐந்தரைக்கு பஸ். பாலக்காடு, திருச்சூர் வழியாக எறணாகுளம் சுமார் 185 கிலோமீட்டர். போய்ச் சேர மதியமாகிவிடும். அங்கிருந்து மட்டாஞ்சேரிக்கு பஸ்ஸும் உண்டு, ஆனால் படகை விடாதீர்கள். துறைமுகத்தில் நிற்கும் எண்ணெய்க் கப்பல்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே போகலாம்.

பெண்ணின் அப்பா கடைவீதியில் மிளகு வியாபாரி. தாத்தா காலத்திலேயே கொச்சிக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். படகுத்துறைக்கே வந்திருந்தார்.

"எம்மவ லலிதா தட்டோட வந்து நிக்க மாட்டாளாம் தம்பி. இன்னிக்கு வாயனசாலையில விவாதம் இருக்கு, அங்க வந்து தன்னை எதிர்த்துப் பேசட்டும்னு பறஞ்சிட்டா. வாங்க, ஒரு சாயா குடிச்சிட்டுப் போலாம்" என்றார்.

வாயனசாலை என்பது படிப்பகம். அரசின் பணம் கடலில் எண்ணெய் தேடுவதற்கா, மாற்று எரிபொருளுக்கா என்பது தலைப்பு. எண்ணெய்க்கு லலிதா, மாற்று எரிபொருளுக்கு நான். எனக்காக இருவரும் தமிழிலேயே பேசலாம் என்று விட்டிருந்தார்கள். இது என் அன்றாடப் பிழைப்பு, ஊதித் தள்ளிவிடலாம் என்றுதான் மேடையேறினேன். வெளிநாட்டு எண்ணெயை நம்பிக் கெட்டது போதும், சாணமும் சூரியனும் நம்முடையவை என்று ஆரம்பித்து, "பட்டிதொட்டியெங்கும் கேஸ் வர வேண்டும்" என்று முழங்கினேன். முன்வரிசை இளைஞர்கள் சிரித்தார்கள். கைதட்டல் என்று நினைத்து மேஜையைத் தட்டி மறுபடியும் சொன்னேன்.

"சேட்டா, பட்டிக்கு எதுக்கு கேஸ்?" என்றான் ஒருவன். மலையாளத்தில் பட்டி என்றால் நாய் என்று நடுவர் என் காதில் சொன்னார். அதோடு பேச்சை முடித்துக்கொண்டேன். உட்கார்ந்துவிட்டேன்.

லலிதா எழுந்தாள். கையிலிருந்த தாளில் தமிழ்ப் பேச்சை மலையாள எழுத்தில் எழுதி வைத்திருந்தாள்.

"சிரிச்சது போதும். தமிழ்ல பட்டின்னா ஆடு மாடு அடைக்கிற எடம். சாணம் அங்கதானே கெடைக்கும்? அவர் சரியாத்தான் பறஞ்சார்" என்றாள். எனக்கு மூச்சு வந்தது. "ஆனா மட்டாஞ்சேரியில எல்லாம் சுவரோட சுவர் ஒட்டின வீடு. நாங்க மாட்டை எங்க கட்டறது? அரசாங்கப் பணம் எங்களுக்கும் சேர்த்துத்தானே?"

தூக்கிவிட்ட கையாலேயே தள்ளிவிட்டாள். அந்த நிமிடமே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. பணத்தைப் பாதிப் பாதியாகப் பிரிக்கலாம் என்று நடுவர் தீர்ப்புச் சொன்னதாக ஞாபகம். நான் கவனிக்கவில்லை.

மாலையில் லலிதாவும் என்னை வழியனுப்பப் படகுத்துறைக்கு வந்தாள். அவள் அப்பா வேண்டுமென்றே பின்தங்கி நடந்தார்.

"உங்க வீட்டிலயும் சாண கேஸ்தானா? தினம் சாணம் கரைக்கறது யாரு?" என்று கேட்டாள்.

"அம்மா."

"நீங்க?"

"கலன் கட்டச் சொல்வேன். கரைத்ததில்லை."

அவள் சிரிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்து, "இனிமேல் நானே கரைக்கிறேன்" என்றேன். படகுக்காரர் மணியடித்தார்.

"நான் வர்றப்போ நீங்கதான் கரைச்சிட்டு நிக்கணும்" என்றாள். மேலதிகாரி உத்தரவு போட்ட மாதிரி, "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் படகில் ஏறினேன்.

பிறகு எத்தனையோ கூட்டங்களில் எரிபொருள் கொள்கை பேசியிருக்கிறேன். கரைப்பது யார் என்று வேறு யாரும் கேட்டதில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வெள்ளிக்கிழமை அரண்மனை மூடியிருக்கும். படகு அவ்வப்போது நின்றுபோவதுண்டு, விசாரித்துக்கொண்டு போங்கள். மேடையேறுவதாக இருந்தால் பேச்சை உள்ளூர்க்காரர் யாரிடமாவது முதலில் படித்துக் காட்டுங்கள். திரும்பும்போது படகின் பின்பக்கம் உட்காருங்கள், கரை வெகுநேரம் தெரியும். அன்று நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். படகு பாதித் தண்ணீர் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அவள் 'வந்தால்' என்று சொல்லவில்லை, 'வர்றப்போ' என்றிருக்கிறாள். சட்டென்று எழுந்து கையசைத்தேன். துறையில் அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.