கிள்ளை ஓடையில் பொன் தேடிய நாள்

காலை ஐந்தரை மணிக்குக் கடலூர் முதுநகரிலிருந்து கிளம்பினோம். குட்டியானை வண்டியின் பின்னால் ஒரு பெட்ரோல் பம்பு, நாற்பதடி ஹோஸ், ஒரு மெட்டல் டிடெக்டர், ஆறடி நீளத் தகரப் பெட்டி. பெட்டி என்றால் மூடி கிடையாது, இரண்டு முனையும் திறப்பு. அடியில் முரட்டு மிதியடி விரித்து, மேலே குறுக்காகக் கம்பிகள் வைத்திருக்கும். மண்ணைக் கொட்டித் தண்ணீரைப் பாய்ச்சினால் மண் ஓடிவிடும், கனமான தங்கம் கம்பிக்குப் பின்னால் நின்றுவிடும்.

தென்னமெரிக்காவில் கயானா என்ற நாட்டில் ஏழு வருஷம் இதுதான் என் வேலை. இப்படிப்பட்ட பெட்டிகளையும் பம்புகளையும் படகில் ஏற்றி, தங்கம் தேடுகிறவர்களின் காட்டோடைகளுக்குக் கொண்டுபோய் இறக்குவேன். ஊர் திரும்பி ஒன்றரை வருஷம் ஆகிறது. இந்தப் பெட்டியை முதுநகர்ப் பட்டறை ஒன்றில் ஞாபகத்தை வைத்தே வெல்டிங் செய்யச் சொன்னேன்.

போகிற இடம் சிதம்பரத்துக்குக் கிழக்கே கிள்ளை. அங்கே தங்கம் விளையும் ஓடை எதுவுமில்லை. கஸ்தூரியின் தாலி விழுந்திருக்கிறது.

கஸ்தூரி என் நண்பன் அன்புவின் மனைவி. அன்பு பம்பு மெக்கானிக். கயானாவில் என்னோடு ஒரே முகாமில் இருந்தவன், இன்னும் அங்கேயே இருக்கிறான். போய் ஐந்து வருஷத்தில் ஒருமுறைகூட வரவில்லை. கஸ்தூரி நண்டு பிடித்து விற்கிறாள். நாலு நாள் முன்பு ஓடையில் குனிந்து நண்டுக் கூண்டைத் தூக்கும்போது, கூண்டுக் கயிறு மாட்டி மஞ்சக்கயிறு அறுந்துவிட்டது. பொட்டும் இரண்டு குண்டும் சேற்றுக்குள். "அண்ணா, அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. ஒங்களுக்குத்தான தங்கம் தேடத் தெரியும்," என்று போனில் அழுதாள்.

வண்டி ஓட்டியது என் மனைவியின் தம்பி பாபு. வாடகை வேண்டாம், டீசலுக்கு ஐந்நூறு போதும் என்று சொல்லிவிட்டான். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி முட்லூரில் டீ குடித்தோம், ஒரு டீ பன்னிரண்டு ரூபாய். வெள்ளாற்றுப் பாலம் ஏறும்போது வெயில் வந்துவிட்டது. கடலூரிலிருந்து சிதம்பரம் நாற்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். கயானாவில் அவ்வளவு தூரம் போக, ஆறு வற்றிய மாதங்களில் எனக்கு இரண்டு நாள் ஆகியிருக்கிறது.

எட்டு மணிக்குச் சிதம்பரம் கீழவீதிப் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடை திறந்ததும் ஹோஸ் கிளிப் வாங்கினேன். ஒன்று நாற்பது ரூபாய். கடைக்காரர் வண்டியை எட்டிப்பார்த்தார்.

"போர் போடப் போறீங்களா?"

"தங்கம் எடுக்கப் போறோம்ணே," என்றான் பாபு.

"கெடச்சா எனக்கும் ஒரு போன் போடுங்க," என்று சிரித்துக்கொண்டே சில்லறை கொடுத்தார்.

கிள்ளை சேர்ந்தபோது ஒன்பது. கஸ்தூரி கரையில் தன் ஃபைபர் படகோடு நின்றிருந்தாள். புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, கழுத்து பட்டன்வரை போட்டிருந்தாள். வெறுங்கழுத்தை மறைக்கத்தான் என்று புரிந்தது. படகில் முதலில் பம்பு, நடுவில் பெட்டி, ஓரத்தில் பாபு. அவனுக்கு நீச்சல் தெரியாது.

"மாமா, இது ஆடுதே."

"நீ ஆடாம ஒக்காரு மச்சான், அது ஆடாது."

கஸ்தூரி நீண்ட கழியை ஊன்றித் தள்ளினாள். ஓடை, வனத்துறை எல்லைக்கு வெளியே, பழைய இறால் குட்டைகளின் ஓரமாகப் போகிறது. இரண்டு பக்கமும் வேர்களை நீரில் ஊன்றிக்கொண்டு சுரபுன்னை. கொக்குகள் எங்களைப் பொருட்படுத்தவில்லை. பெட்ரோலும் ஈரச்சேறும் கலந்த வாசனை மூக்கில் ஏறியதும் கயானா ஞாபகம் வந்துவிட்டது. அங்கே இருந்தபோது மழை கொட்டும் கூடாரத்தில் படுத்துக்கொண்டு கடலூரை நினைத்து ஏங்கியிருக்கிறேன், முதுநகர் மீன் மார்க்கெட்டின் சத்தத்துக்குக்கூட. இப்போது கடலூரில் இருந்துகொண்டு, கறுப்பு டீ நிறத்தில் ஓடும் அந்த ஆறும், காலையில் பம்பு பிடித்துக்கொள்ளும் முதல் உறுமலும் வேண்டும்போல் இருக்கிறது. இதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

பத்தரைக்கு இடத்தைச் சேர்ந்தோம். ஒரு கிளையில் கஸ்தூரி சிவப்புத் துணி கட்டி அடையாளம் வைத்திருந்தாள். கடல் உள்வாங்கும் வத்த நேரம், ஓடை நீர் முழங்காலுக்கும் கீழே இறங்கியிருந்தது. ஏத்தம் திரும்ப மூன்று மணி நேரம், அதற்குள் முடிக்க வேண்டும்.

டிடெக்டர் கைவிட்டுவிட்டது. உப்புச்சேற்றில் வைத்த இடமெல்லாம் கத்தியது. "எங்க பாத்தாலும் தங்கம்தான் போல," என்றான் பாபு. கஸ்தூரி சிரிக்கவில்லை. டிடெக்டரை அணைத்துப் படகில் போட்டேன். துணிக்குக் கீழே எட்டடி வட்டத்தில் சேற்றை வாளியால் அள்ளிப் பெட்டியில் கொட்டினோம். பம்பு நீரை அடித்தது. ஒரு மணி நேரத்தில் மூன்று பேரும் தலையிலிருந்து கால்வரை ஒரே நிறம். மிதியடியை உதறித் தட்டில் அலசினேன். சிப்பி உடைசல், கறுப்பு மணல், ஒரு தூண்டில் முள். மறுபடி அள்ளினோம். மறுபடி சிப்பி.

மூன்றாவது தட்டில், கறுப்பு மணலின் ஓரத்தில், ஒரு குண்டு மஞ்சளாக உருண்டது. கஸ்தூரி அதை எடுத்து வாய்க்குள் போட்டுக்கொண்டாள். மறுபடி விழுந்துவிடும் என்ற பயம். வாயைத் திறக்காமலே வாளியை எடுத்து அள்ளத் தொடங்கினாள். அரை மணி கழித்துப் பொட்டு கிடைத்தது. இன்னொரு குண்டு வரவேயில்லை. நீர் முழங்காலைத் தாண்டி ஏறியதும் அவளே குண்டை வெளியே எடுத்துவிட்டு, "போதும்ணா, அது ஓடைக்கு," என்றாள்.

பாபு சாமான்களைக் கழுவிக்கொண்டிருந்தான். அவள் கொண்டுவந்த நண்டுக் குழம்பும் சோறும் சாப்பிட்டோம். தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"உண்மைய சொல்லுங்கண்ணா. அவருக்கு லீவு குடுக்கலையா, அவருக்கு வரத் தோணலையா?"

முதலாளி விடவில்லை என்று சொல்லியிருக்கலாம். அன்புவும் அதைத்தான் சொல்லிவந்தான். அந்தப் பொய்யை அவளுக்கு நானும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

"நான் கெளம்பறப்ப அவனுக்கும் டிக்கெட் குடுத்தாங்கம்மா. வேணான்னு அவன்தான் எழுதிக் குடுத்தான்."

"ஏன்?"

"அங்க அவன் கை வெச்சாத்தான் பம்பு ஓடும். அந்த ஆறு முழுக்க அவனத் தெரியும். இங்க வந்தா..."

"இங்க வந்தா எனக்கு மட்டுந்தான் தெரியும்," என்றாள்.

தட்டைக் கழுவி வைத்துவிட்டு, கழியை எடுத்துப் படகைக் கரைக்குத் தள்ளினாள்.

நாலரை மணிக்கு, அங்கே காலை ஏழு, கரையில் நின்றபடியே அன்புவைப் போனில் பார்த்தாள். மறைக்கச் சொன்னவள் தானே எல்லாவற்றையும் சொன்னாள். உள்ளங்கையில் பொட்டையும் குண்டையும் காட்டினாள்.

"எந்த எடத்துல?" என்றான் அன்பு.

"வடக்கு ஓடையில. கூண்டு போட நீங்க கத்துக்குடுத்தீங்களே, அங்கதான்."

அவன் மூக்கை உறிஞ்சுவது எனக்குக் கேட்டது.

"கயிறு வாங்கி வெச்சிக்கறேன். நானா கட்டிக்க மாட்டேன். வந்து கட்டுங்க. வரப் புடிக்கலன்னா அதையும் ஒங்க வாயாலயே சொல்லிடுங்க. டிக்கெட் போட்டுட்டுப் போன் பண்ணுங்க, அதுவரைக்கும் பண்ணாதீங்க."

போனை அணைத்துவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். பதினோரு நாள் கழித்து அன்பு போன் செய்தான், டிக்கெட் போட்டுவிட்டானாம். அன்று எங்களுக்கு அது தெரியாது. வண்டி கிளம்பியபோது அவள் கையாட்டவில்லை. ஓடைப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள்.

வழியெல்லாம் பாபு பேசிக்கொண்டு வந்தான், எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. பழைய முதலாளி என்னையும் மறுபடி கூப்பிட்டிருந்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று நாள் கடத்திக்கொண்டிருந்தேன். ஏழரை மணிக்கு முதுநகர் வந்து, குளித்து, சாப்பிட உட்கார்ந்ததும் என் மனைவி லதாவிடம் சொன்னேன்.

"கயானாவுக்குத் திரும்பக் கூப்புடுறாங்க. போவணும்னு எனக்கு ஆசையா இருக்கு. ஒங்கிட்ட சொல்லாமலே இருந்துட்டேன்."

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"தெரியும். மூணு மாசமா போன் மேப்புல அந்த ஆத்தத்தான பாத்துட்டிருக்கீங்க," என்றாள். "நீங்களா வாயத் தொறந்து சொல்லட்டும்னுதான் இருந்தேன்."

அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். "அந்த ஊரு எப்படி இருக்கும்? ஏழு வருசம் இருந்தீங்க, ஒரு நாளாச்சும் எனக்குச் சொல்லியிருக்கீங்களா?"

நான் சொல்லத் தொடங்கினேன்.