மாதா தங்கியிருந்த நாள்

அக்டோபர் மாதம் முழுக்க எங்கள் பங்குக் கோயில் மாதா வீடு வீடாகப் போவார். தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்தது ஓர் அன்பியம். ஒரு வீட்டில் ஒரு நாள் மாதாவின் சுரூபச் சிலை தங்கும். மறுநாள் சாயங்காலம் அன்பியத்தார் எல்லோரும் அங்கே வந்து ஜெபமாலை சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். என் மனைவி இறந்த பிறகு எங்கள் வீட்டை மட்டும் தாண்டிப் போனார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. நான் வேன் ஓட்டுகிறவன். காலையில் சாணார்பட்டிப் பக்கம் போய்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் வருவேன். அவர்களை இறக்கிவிட்ட கையோடு எரியோடு பக்கத்து மில்லுக்கு ஷிப்ட் ஆட்கள். சாயங்காலம் மறுபடியும் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை வேளாங்கண்ணிக்கோ வேறெங்கோ பக்தர்கள். அவர்கள் கோயிலுக்குள் முழங்காலில் நிற்பார்கள், நான் பின் சீட்டில் காலை நீட்டிக் குறட்டை விடுவேன்.

கேட்டால் நேரமில்லை என்பேன். அது பொய்யும் இல்லை. ஆனால் நேரம் மிஞ்சாதபடி பார்த்துக்கொண்டவனும் நான்தான். மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருக்கிறாள். வீட்டில் பகலில் உட்கார எனக்குப் பயம். பேய் பிசாசுப் பயம் இல்லை. சுவரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமே, அந்தப் பயம்.

இந்த வருஷம் அன்பியத் தலைவி என்னை வழியில் பார்த்தார். ரிட்டயர் ஆன டீச்சர்.

"தம்பி, ஒங்களுக்குத்தான் ஓயாத வேலையாச்சே. மாதாவ நேரா பக்கத்து வீட்டுக்கே கொண்டுபோகச் சொல்லிட்டேன்" என்றார்.

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

"ஏன் டீச்சர், எங்க வீட்டுக்கெல்லாம் மாதா வர மாட்டாங்களா?"

டீச்சர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். "வருவாங்களே" என்றார். "ஆனா ஆள் இல்லாத வீட்ல பூட்டி வச்சிட்டுப் போகக் கூடாது தம்பி. அன்னிக்கு ஒரு நா வீட்ல இருந்து செபம் சொல்லணும். முடியுமா?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். முடியும் என்றேன்.

தெரிந்த டிரைவர் ஒருவரிடம் ஒருநாளைக்கு வண்டிச் சாவியைக் கொடுத்தேன். முந்தின நாள் சாயங்காலம் மாதா வந்தார். முன்னறையில் மேசை போட்டு, மகள் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச் சேலையை மடித்து விரித்து, அதன் மேல் வைத்தோம். விடிந்ததும் எதிர் வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். நெற்றியில் திருநீறு, கையில் முல்லைச் சரம்.

"சாமி வந்திருக்காமுல்ல? இந்தாங்கண்ணே, சாத்துங்க. சோத்துக்கு வெஞ்சனம் ஏதும் வேணும்னா கேளுங்க" என்றாள்.

அவளும் போனபின் வீடு அமைதியானது. குளித்தேன். சட்டை போட்டேன். மெழுகுவர்த்தி ஏற்றினேன். ஜன்னல் கம்பியைத் துடைத்தேன், துடைத்ததையே மறுபடி துடைத்தேன். வண்டி இருந்தால் எங்கேயாவது கிளம்பியிருப்பேன். கடைசியில் வேறு வழி இல்லாமல் பாய் விரித்து, ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சிலுவை அடையாளம் போட்டேன்.

அதன் பிறகு சும்மா இருந்தேன். ரொம்ப நேரம் அப்படியே இருந்திருக்கிறேன். தெருவில் கீரைக்காரி கூவிக்கொண்டு போய், திரும்பியும் வந்துவிட்டாள். எனக்கு வாயே திறக்கவில்லை. ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. யாராவது ஆரம்பிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

ஜெபமாலை எங்கள் வீடுகளில் இரண்டு பாதியாகத்தான் நடக்கும். ஒருவர் 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கி முன்பாதியைச் சொல்வார், மற்றவர்கள் பின்பாதியைப் பதிலாகச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் தொடங்குவது எப்போதும் என் மனைவிதான். ஜெபமாலையில் தியானிக்கிற மறைபொருள் எந்தக் கிழமைக்கு மகிழ்ச்சி, எதற்குத் துயரம் என்பதெல்லாம் அவள் கணக்கு. நான் பேப்பரை மடக்கி வைத்துவிட்டுப் பதில் சொல்வேன். சில நாள் மடக்காமலும் சொல்வேன். வண்டியில் பக்தர்கள் சொல்லும்போது ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சொல்வதும் அதே பதில்தான். இத்தனை வருஷமும் நான் பாதி ஜெபம்தான் சொல்லியிருக்கிறேன். மீதிப் பாதி அவளோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டது.

மாதா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அப்படியே பாயில் சாய்ந்து தூங்கிப்போனேன். அவள் போனதிலிருந்து பகலில் என் வீட்டில் நான் தூங்கியது அன்றுதான்.

சாயங்காலம் எல்லோரும் வந்தார்கள். சுண்டலை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு நானும் உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் தொடங்குவதுதான் வழக்கம்.

"தொடங்குங்க தம்பி" என்றார் டீச்சர்.

"எனக்குப் பதில் சொல்லத்தான் வரும் டீச்சர். ஆரம்பிக்கிறதெல்லாம் அவதான்."

டீச்சரே தொடங்கினார். அறை நிறைய ஆட்கள் பதில் சொன்னார்கள். அந்தச் சத்தத்துக்குள் என் குரலும் சௌகரியமாக நுழைந்துகொண்டது. பிறகு பாட்டுப் பாடிக்கொண்டு மாதாவைத் தூக்கிப் போனார்கள். நானும் அடுத்த வீடு வரை போய்விட்டுத் திரும்பினேன். பூட்டைத் திறந்தபோது காலையில் இருந்ததைவிட வீடு பெரிதாகத் தெரிந்தது.

சுண்டல் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை வண்டி வேண்டுமாம்.

"இல்லப்பா, இந்த வாரம் வரல."

"என்னண்ணே, வீட்ல விசேஷமா? ஆளுக வாராகளா?"

"யாரும் வரல. நான்தான் இருக்கேன்."

போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. ஜெபத்தை ஞாயிறு வரை தள்ளிப் போட்டால் மறுபடி யாருக்காவது வண்டி எடுப்பேன் என்று எனக்கே தெரியும். கையைத் துடைத்துக்கொண்டு காலி மேசைக்கு முன்னால் உட்கார்ந்தேன். அவள் சொல்கிற பாதியைச் சத்தமாகச் சொன்னேன். அவள் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினேன். அவளுடைய வார்த்தைகள் என் குரலில் கேட்டதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே பதிலையும் சொன்னேன். அது எனக்கு நன்றாகத் தெரியும்.