கிளி டீச்சர்

"அதாவது, நான் நடுவுல பேச்சை வெட்டினதுதான் உங்களுக்குக் கோபம். சரியா சொன்னேனா சார்?"

கையில் பாதி தின்ற சப்பாத்தியோடு என்னிடம் கேட்கிறார் நாசிமியு டீச்சர். கென்யாவில் புங்கோமா நகரை அடுத்த எங்கள் பள்ளியின் ஆசிரியர் அறையில் யார் எதைச் சொன்னாலும் முதலில் அதைத் திருப்பிச் சொல்வார். எதிராளி தலையாட்டிய பிறகே தன் பதில். எல்டோரெட் நகரில் உளவியல் பயிற்சி முடித்து வந்ததிலிருந்து இப்படித்தான். 'கிளி டீச்சர்' என்று கேலி செய்தால், "என்னைக் கிளின்னு சொல்றீங்க. சரிதானே?" என்பார்.

பெரிய குரல். கணக்குப் பாடம் சூடுபிடித்தால் சாக்பீஸ் பொடி புருவம்வரை ஏறிவிடும். தப்பு செய்த பையனை எதிரே நிறுத்தமாட்டார். "எதிர்ல நின்னா சண்டைதான் வரும். பக்கத்துல உக்காருடா."

போன ஜூலையில் மூன்றாம் படிவத்து, பதினாறு பதினேழு வயதுப் பையன்கள் வகுப்புக்கு வராமல் மைதானத்தில் திரண்டார்கள். கால்பந்துப் போட்டிக்குப் போகும் பயணத்தைத் தலைமையாசிரியர் பராசா ரத்து செய்திருந்தார். சிலர் கையில் கல். பராசா போலீசைக் கூப்பிடப் போனை எடுத்தார்.

"சார், ஒரே ஒரு தடவை! அவங்க சொல்றதைத் திருப்பிச் சொல்லிப் பாருங்க!" நாசிமியு அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே ஓடினார். நானும் பின்னாலேயே மைதானத்துக்கு ஓடினேன்.

அணித்தலைவன் வெகேசா கத்தினான். பராசா முறைத்தபடி, "உங்களுக்கு விளையாட்டுதான் முக்கியம்னு சொல்றே" என்றார்.

"அது இல்ல சார்! போகலைன்னு எங்ககிட்ட நீங்க சொல்லவே இல்ல. சமையல்காரர் சொல்லித்தான் தெரியும்!"

பராசா திருப்பிச் சொன்னார்: "உங்களை நான்... ஒரு பொருட்டாவே மதிக்கல. அதானே?"

"ஆமா சார்!" மைதானமே கத்தியது.

"இப்ப சார் சொல்றதை நீ திருப்பிச் சொல்லு" என்று வெகேசாவிடம் திரும்பினார் டீச்சர்.

"பஸ்ல பிரேக் சரியில்லடா. அந்த மலை இறக்கத்துல உங்களை அனுப்ப எனக்குப் பயமா இருந்துச்சு. அதை வெளிய சொல்ல வெட்கம்" என்றார் பராசா.

வெகேசா திகைத்தான். "நீங்க... எங்களுக்காகப் பயந்தீங்க."

யாரோ சிரித்தார்கள். கற்கள் ஒவ்வொன்றாகப் புல்லில் விழுந்தன. எதிரணியை இங்கே வரவழைத்து விளையாடலாமா என்று பையன்கள் கேட்க, பராசா அதையே திருப்பிக் கேட்க, எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள்.

நாசிமியு டீச்சருக்கும் நடுவில் புகுந்து சொல்ல ஏதோ இருந்தது. வாயைத் திறந்தவர், சட்டென்று உள்ளங்கையால் அதைப் பொத்திக்கொண்டு, அவர்களைப் பார்த்தபடியே பின்னால் நடந்தார்.