மேகம் மறைத்ததாகச் சொன்ன படம்

இரண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்குச் சில வருஷங்கள் முன்னால் சேலத்தில் ஒரு பெரிய நூல் ஆலை எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே கிரேன் வைத்துப் பெரிய பாரம் தூக்கும்போதெல்லாம் போட்டோ எடுத்துத் தரும் வேலை எனக்குக் கிடைத்தது. முதலாளிகள் சென்னையில் இருந்தார்கள். பாரம் அந்தரத்தில் தொங்குவதைப் படத்தில் பார்த்தால்தான் வேலை நடக்கிறதென்று நம்புவார்கள் என்று என்ஜினீயர் சொன்னார்.

மோகனூர்ப் பக்கம் நெல்லும் வாழையுமாக இருந்த குடும்பம் எங்களுடையது. வயல்காட்டு வேலையை விட்டுவிட்டுக் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு திரிகிறான் என்று வீட்டில் என்னைப் பற்றிப் பேச்சு. அதனாலேயே எனக்கு மிடுக்கு அதிகம். சித்திரை வெயிலிலும் கோட்டைக் கழற்ற மாட்டேன். வேர்வையில் நனைந்து நாறினாலும் நான் துரை மாதிரிதான் நிற்பேன்.

கிரேன் என்றால் இன்றைக்கு இருப்பதுபோல் நினைக்க வேண்டாம். நெட்டையாக ஒரு கம்பம், அதிலிருந்து சாய்ந்து நீண்ட ஒரு கை, கப்பிகள், இரும்புக் கயிறு. கீழே பல்சக்கரங்கள் வைத்த உருளை ஒன்று. அதன் இரண்டு பக்கமும் கைப்பிடி, பக்கத்துக்கு இரண்டு பேர் நின்று சுற்றுவார்கள். சக்கரம் பின்னால் ஓடிவிடாமல் ஓர் இரும்பு நாக்கு பல்லில் விழுந்து தடுக்கும். அந்த நாக்கைக் கவனிக்கிற மேஸ்திரி ராசிபுரத்துப் பக்கத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இப்போது ‘அவர்’ என்று எழுதுகிறேன். அன்று நீ, வா, போதான்.

படத்தில் விழ வேண்டுமென்று அவருக்குக் கொள்ளை ஆசை. பாரம் ஏறுவதற்கு முன் தலைப்பாகையை அவிழ்த்துப் புதிதாகக் கட்டிக்கொள்வார். ஆனால் நாக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிற வேலை அவருடையது என்பதால், நான் லென்ஸைத் திறக்கும் நேரம் பார்த்து அசைந்துவிடுவார். அந்தக் காலத்துக் கேமராவில் அசைந்தவன் புகையாகத்தான் விழுவான். எடுத்த படங்களிலெல்லாம் கம்பம் இருந்தது, கயிறு இருந்தது, அவர் இருந்த இடத்தில் புகை இருந்தது. அதற்காக அவரை எல்லார் எதிரிலும் திட்டியும் இருக்கிறேன்.

பாய்லரைத் தூக்கிய நாளில் அவரே வந்து சொன்னார். “இன்னைக்கு மூச்சுக்கூட உடமாட்டனுங்க சாமி. நீங்க வேணா பாருங்க.”

சொன்னபடியே செய்தார். உச்சிப் பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால் பாய்லர் மேலே எழும்பி நின்றது. நான் கறுப்புத் துணிக்குள்ளிருந்து பார்த்தேன். கேமராக் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். பாய்லருக்கு ஓரமாக, தலைகீழாக, இரண்டு கைகளையும் உருளையின் சட்டத்தில் ஊன்றிக்கொண்டு அவர் சிலையாக நின்றார். வெளியே வந்து கையை உயர்த்தினேன். நாற்பது பேர் அப்படியே நின்றார்கள். ஒரு கையைத் தூக்கி இத்தனை பேரை நிறுத்துகிறோம் என்கிற ருசி எனக்குப் பிடித்துப்போயிருந்தது. வேண்டியதற்கு மேலேயே நிற்க வைத்தேன். லென்ஸ் மூடியைக் கழற்றி, நிதானமாக எண்ணி, மறுபடி மூடினேன்.

படம் விழுகிற கண்ணாடித் தகடு ஒரு மரச்சட்டத்துக்குள் இருக்கும். அதற்கு முன்னால் மெல்லிய மறைப்பு ஒன்று. லென்ஸைத் திறக்கும் முன் அதை உருவிவிட வேண்டும். எடுத்து முடித்ததும் திரும்பச் செருக வேண்டும். செருகப் போன என் கை நின்றுவிட்டது. மறைப்பு உள்ளேயே இருந்தது. நான் உருவவே இல்லை. முதல் நாள் தொழிலுக்கு வந்தவன் செய்கிற தப்பு.

பாய்லர் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. ‘இன்னொன்று எடுக்கிறேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. “ஆச்சா?” என்று என்ஜினீயர் கேட்டார். “ஆச்சு” என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொள்கிறேன். வெட்கம்தான், வேறொன்றும் இல்லை.

பாய்லரை மேடையில் இறக்கிவிட்டு ஆட்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். படம் இல்லையென்றால் வேலை போய்விடும். அதைவிட, மோகனூரில் சிரிப்பார்கள். வானத்தில் ஓர் ஓரமாக வெள்ளை மேகம் ஒன்று கிடந்தது. என்ஜினீயரிடம் போய், “நான் எடுக்கிற நேரத்தில் மேகம் மறைத்துவிட்டது. படம் மங்கலாகத்தான் வரும். இன்னொரு தரம் தூக்கினால் நல்லது” என்றேன். அவர் என்னை முறைத்தார், வானத்தை முறைத்தார், பிறகு ஆட்களைக் கூப்பிடச் சொன்னார்.

பாதிச் சோற்றில் எழுந்து வந்தார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை. மேஸ்திரி மட்டும் என்னைத் தாண்டிப் போகும்போது, “அத்தன நேரம் ஆடாம நின்னனுங்களே சாமி, அந்த மேகத்துக்குப் பொறுக்கல பாருங்க” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

இரண்டாம் தரம் பாய்லர் ஓர் ஆள் உயரம் ஏறியிருக்கும். அவசரமாகக் கழுவிய ஈரக் கையோ என்னவோ, கைப்பிடி ஒருவனுக்கு வழுக்கிவிட்டது. மற்றவர்களாலும் பிடிக்க முடியவில்லை. சக்கரம் பின்னால் ஓடத் தொடங்கியது, நாக்கு பல்லில் பிடிக்காமல் துள்ளியது. பாய்லருக்கு அடியில், அது ஆடாமல் இழுத்துப் பிடிக்கிற வழிக்கயிற்றோடு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். மேஸ்திரி நாக்கை வலக் கையால் அமுக்கிப் பல்லுக்குள் திணித்தார். பாய்லர் நின்றது. கையும் உள்ளே போயிருந்தது.

அவரைக் கட்டிலில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நானும் கொஞ்ச தூரம் கூட ஓடினேன். என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, “மேகம் மறைச்சதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க சாமி” என்றார். நான் அங்கேயே நின்றுவிட்டேன். திரும்பி வந்தபோது பாய்லர் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. “எப்படியும் தொங்குகிறது. எடுத்துவிடுங்கள்” என்றார் என்ஜினீயர். இந்த முறை மறைப்பை உருவ மறக்கவில்லை. படம் பிரமாதமாக வந்தது.

மணிக்கட்டோடு கையை எடுத்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். பார்க்கப் போகவில்லை. நாளைக்கு, அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டதில் அவர் ஊருக்கே போய்விட்டார்.

ஐந்தாறு வருஷம் கழித்து ஒரு நாள் காலையில், சேலத்தில் நான் வைத்திருந்த ஸ்டூடியோ வாசலில் மேஸ்திரி வந்து நின்றார். வலக் கையைத் துண்டுக்குள் மறைத்திருந்தார். இடக் கையில் சின்ன நெய்ச்சட்டி.

“வாங்க, உள்ள வாங்க. உக்காருங்க” என்றேன். அந்த ‘வாங்க’ அவருக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். உட்காரவில்லை.

“ராசிபுரத்து நெய்யிங்க. எடக் கையில குடுக்கறனேன்னு தப்பா நெனைக்காதீங்க” என்று நீட்டினார். மொட்டையான வலக் கையை வெளியே எடுத்துச் சட்டியின் அடியில் மரியாதைக்கு ஒட்டவைத்துக்கொண்டார். நான் வாங்கிக்கொண்டேன். என் இரண்டு கைகளையும் எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

வந்த காரியத்தை மெதுவாகச் சொன்னார். “மில்லு ஆபீஸுக்குப் போயிருந்தனுங்க. பாய்லர் தொங்கற படத்த மாட்டியிருக்காங்க. அதுல நான் இல்லீங்க. முந்தி எடுத்ததுலயெல்லாம் பொகையாத்தான் இருக்கனுங்க. ஊட்டுல ஒரு பொண்ணு இருக்குதுங்க, கை போனப்பறம் பொறந்தது. நான் பொறந்ததே இப்படித்தான்னு நெனச்சுட்டு இருக்குது. மேகம் மறைச்சுதுன்னு சொன்னீங்களே, அந்தப் படம் கெடைக்குமுங்களா? மங்கலா இருந்தாலும் பரவாயில்லீங்க. ரெண்டு கையும் தெரிஞ்சாப் போதும்.”

சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரை வந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். “அந்தக் கண்ணாடி உடைஞ்சு போச்சுங்க” என்றேன்.

அவர் வலக் கையைத் திரும்பத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். பிறகு என்னைத் தேற்றினார். “கண்ணாடிதானுங்களே, உடையறதுதான். உடுங்க.” போகத் திரும்பியவர் வாசலில் நின்றார். “உடையறதுக்கு முந்தி நீங்க பாத்தீங்களா சாமி? நான் அதுல இருந்தனுங்களா?”

“இருந்தீங்க.”

“ஆடாம?”

“ஆடாமத்தான் நின்னீங்க. ரெண்டு கையையும் ஊனிட்டு நின்னீங்க.”

அவருக்கு நான் சொன்னதில் இது ஒன்றுதான் உண்மை. துணிக்குள் தலைகீழாகப் பார்த்தது நான் ஒருவன்தான்.

“அது போதுமுங்க. படம் புடிச்சவரே பாத்தாருன்னு பொண்ணுகிட்டச் சொல்லிக்கறேன். வாரேனுங்க” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

ராசிபுரம் பஸ் அங்கேயிருந்து கூப்பிடு தூரத்தில்தான் நிற்கும். அவர் ஏறி உட்கார்ந்து, பஸ் புறப்படுகிற வரைக்கும் நெய்ச்சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றேன். கண்ணாடி உடையவில்லை. பாய்லர் தூக்கிய அன்றைக்கே இருட்டறையில் கழுவிப் பார்த்தேன், சுத்தமாக வெறும் கண்ணாடியாக வந்தது. இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.