அழகு என்று சொல்லக் கூடாத அறை

பிரயோங் வாயைத் திறந்தால் வசவுதான். திராங் நகரத்து நாய் ஆஸ்பத்திரியில், பார்வோ என்ற கிருமிநோய் கண்ட குட்டிகளைத் தனியாகப் போட்டிருக்கும் பின்னறை அவளுடைய ராஜ்ஜியம். ரத்தமாய்ப் போவதைத் துடைப்பாள், பிளீச்சிங் தண்ணீர் விட்டுத் தரையைக் கழுவுவாள், டிரிப்ஸ் ஒழுங்காக இறங்குகிறதா என்று பார்ப்பாள். வாய் மட்டும், "ஏ சட்டிமூஞ்சி! ஒன்னை எவன் சீந்துவான்?" என்று ஓடிக்கொண்டேயிருக்கும்.

அந்தக் கிருமியைக் கொல்ல மருந்து கிடையாது. உடம்பு தானே ஜெயிக்கும்வரை நீர் வற்றாமல் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான். கூடவே, அழகு என்று யாரும் சொல்லித் தொலைக்கக் கூடாது. பேய் காதில் விழுந்தால் தூக்கிக்கொண்டு போய்விடும். பெற்ற பிள்ளையையே 'அசிங்கமே' என்று கொஞ்சுகிற ஊரில் நாய்க்குட்டி எம்மாத்திரம்? டாக்டரம்மா சிரிப்பார். ஆனால் அந்த அறைக்குள் நுழைந்தால் அவரும் குட்டிகளை 'அசிங்கமே' என்றுதான் கூப்பிடுவார்.

அங்கே போய் மாட்டிக்கொண்டார் சுட்ட பன்றிக்கறிக் கடை வினிட். காலை மிதித்தவனிடமே மன்னிப்புக் கேட்கிற பரம சாது. பிள்ளைகுட்டி இல்லாத மனிதருக்கு அங்கே சேர்த்திருந்த வெள்ளைக் குட்டிதான் உலகம்.

"என் தங்கமே, என் அழகுராணி..."

"அண்ணே, வாயை மூடுங்க!" பிரயோங் சீறினாள். "உள்ள வரணும்னா திட்டிக்கிட்டே வாங்க."

"எனக்குத் திட்ட வராதே தங்கச்சி."

"சட்டிமூஞ்சின்னு சொல்லுங்க, பாப்போம்."

"சட்... சட்டி..." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "சட்டியாட்டம் அழகா இருக்கியேம்மா!"

"நாசமாப் போச்சு!" அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

குட்டிக்கு நாளுக்கு நாள் மோசமாயிற்று. ஈறு வெளுத்து, தலையைக்கூடத் தூக்கவில்லை. டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார். பிரயோங்குக்குத் திட்டக்கூட நா எழவில்லை. வினிட்டைக் கூப்பிட்டு அனுப்பினாள். கடையிலிருந்து போட்ட சட்டையோடு ஓடி வந்தார்.

"ஒண்ணும் பேச வேணாம்ணே. சும்மா பக்கத்துல ஒக்காருங்க."

உட்கார்ந்து கையை நீட்டினார். குட்டியின் மூக்கு துடித்தது. கறி வாசனை ஏறிய சட்டைக் கையை ஒருமுறை நக்கியது. இன்னொரு முறை. பிறகு பல்லால் பிடித்து இழுத்தது.

"அடி என் அழகுக் கண்ணே!"

கத்தியவள் பிரயோங். கத்திய பிறகுதான் உறைத்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள், முகத்தில் ஈயாடவில்லை.

வினிட் துள்ளி எழுந்தார். கூரையைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினார்: "அழகா? இதுவா? கருகின சட்டிமூஞ்சி! சொறிப் பீடை! காக்கா கூடக் கொத்தாது! எவன் கேட்டாலும் குடுக்க மாட்டேன்... ச்சீ, எவனும் கேக்கவே மாட்டான்!"

ஆஸ்பத்திரி நாய்கள் எல்லாம் சேர்ந்து குரைத்தன. பிரயோங் சிரித்தாள், அழுதாள், மூக்கைச் சிந்தினாள். ஒரு கரண்டி கோழிச்சாறு கொண்டுவர ஓடினாள்.

போன வாரம் பிரயோங் அவர் கடைக்குக் கறி வாங்கப் போயிருந்தாள். கொழுகொழுவென்று ஒரு வெள்ளை நாய் கல்லாவடியில் படுத்திருந்தது. வினிட் அதைக் காலால் செல்லமாக உந்தினார்.

"ஏ சட்டிமூஞ்சி, எந்திரி. அத்தை வந்திருக்கா பாரு."